சூசைராஜின் எதிர்வினை நேரம்

சூசைராஜ் அண்ணாச்சியின் மூளையை நான் கெடுத்தது சாத்தூர் ரயில்வே கேட்டில், காலை எட்டு இருபதுக்கு. கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடிவதற்காக எங்கள் கல்லூரிப் பேருந்து அங்கே பதினோரு நிமிடம் நின்றது. அந்தப் பதினோரு நிமிடத்தில் மூன்று பேருக்கு உளவியல் பரிசோதனை நடத்தி முடித்தேன். அவர்களில் இருவர் பேருந்திலேயே இல்லை.

பி.எஸ்ஸி. சைக்காலஜி என்றால் அடுத்தவர் மனதில் இருப்பதைக் கண்டுபிடிப்பது என்று எங்கள் தெருவில் நினைக்கிறார்கள். நான் வாசலில் வந்தால் சிலர் எதையும் நினைக்காமல் நிற்கப் பார்ப்பார்கள். உண்மையில் அந்தப் படிப்பு ரெக்கார்ட் நோட் எழுதுவது. பருவத்துக்குப் பன்னிரண்டு பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைப் பிடித்துவந்து, ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து, அளந்து எழுத வேண்டும். கருவி ஒன்று, மாணவர் நாற்பத்திரண்டு. ஆய்வுக்கூடச் சாவி துறைத் தலைவரிடம் இருந்தது. துறைத் தலைவர் கருத்தரங்கில் இருந்தார்.

ஆகவே சீனியர் நோட்டை வாங்குவோம். ஆளின் பெயரை மாற்றுவோம், எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றுவோம். 'ஆகவே கருதுகோள் ஏற்கப்பட்டது' என்ற கடைசி வரியை மட்டும் மாற்ற மாட்டோம். எங்கள் துறையின் பதினெட்டு ஆண்டு வரலாற்றில் மனித மனம் ஒருமுறைகூடப் பாடப்புத்தகத்தை எதிர்த்துப் பேசியதில்லை.

மூன்றில் கடைசியாகப் பாக்கி இருந்தது ஏழாவது பரிசோதனை: எதிர்வினை நேரம். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த ஓர் ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பத்து முறை அளந்து சராசரி எழுத வேண்டும். ஆள் வேண்டுமே என்று தலையை நிமிர்த்தினேன். கண்ணாடிக்கு மேலே பலகையில் எழுதியிருந்தது: ஓட்டுநர் ம. சூசைராஜ்.

"அண்ணாச்சி, உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தொம்போது. எதுக்குப் பாப்பா, பொண்ணு பாத்திருக்கியா?"

பரிசோதனையில் உண்மையாக நடந்த பகுதி அவ்வளவுதான்.

பக்கத்தில் இருந்த என் தோழி பானு சீனியர் நோட்டைப் பார்த்துச் சொன்னாள். "0.25 செகண்டுன்னு போட்டிருக்கு. நீ 0.26 போட்டுக்க."

"அது சாதா ஆளுக்கு. அண்ணாச்சிக்கு 0.19 போடறேன்."

"ஏண்டி?"

"முந்தாநாள் ஆட்டுக்குட்டி குறுக்க விழுந்தப்ப எப்படி பிரேக் போட்டாரு, பாத்தேல்ல?"

இதை நான் சொல்லியாக வேண்டும்: அது பாசத்தில் போட்ட எண். நல்ல மனிதர், நல்ல மார்க்காக இருக்கட்டுமே என்று தாராளமாகப் போட்டேன். ரெக்கார்டுக்குப் பத்துக்குப் பத்து கிடைத்தது. திறக்காமலே திருத்தும் கலை எங்கள் துறையில் அப்போதே வளர்ந்திருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, நான் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது, கல்லூரிக்கு ஒப்புமானி வந்தது.

மாணவர்களை ஏற்றிச்செல்லும் ஓட்டுநர்கள் எல்லாருடைய மூளையையும் ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று ஆணை. முன்பிருந்த இயந்திரம் எல்லாரையும் ஒரு பொதுச் சராசரியோடு ஒப்பிட்டது. ஐம்பது வயதுக்காரரை இருபது வயதுக்காரரோடு ஒப்பிடுவது நியாயமா என்று வழக்குப் போட்டார்கள். ஒப்புமானி அந்தத் தவறைச் செய்யாது. இன்றைய உங்களை நேற்றைய உங்களோடு மட்டுமே ஒப்பிடும். எவ்வளவு சரிந்திருக்கிறீர்கள் என்று சொல்லும். நேற்றைய நீங்கள் எங்கே கிடைப்பீர்கள்? அதற்காக மாநிலத்துக் கல்லூரிகளின் உளவியல் ரெக்கார்ட் நோட்டுகள் அனைத்தையும் படம்பிடித்து அதற்கு ஊட்டியிருந்தார்கள்.

இந்தச் செய்தி வந்த காலையில் தமிழ்நாட்டு உளவியல் மாணவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வயிறு கலங்கியிருக்கும். அளந்திருந்தால் நம்பத்தகுந்த சராசரி ஒன்று முதல்முறையாகக் கிடைத்திருக்கும்.

திறப்பு விழாவில் எங்கள் துறைத் தலைவர் முனைவர் திருவேங்கடம், "பதினெட்டு ஆண்டுகளாக நம் துறை வியர்வை சிந்திச் சேர்த்த தரவுச் செல்வம்" என்று பேசினார். ஆய்வுக்கூடத்துக் கருவியான கறுப்புப் பெட்டியை, அதன் சிவப்பு விளக்கோடு, மேசைமேல் வைத்து மாலை போட்டிருந்தார்கள். நாங்களே அதை அன்றுதான் பார்த்தோம். தாளாளர் முதல் ஆளாக ஒப்புமானியின் தொப்பியை மாட்டிக்கொண்டார். 'முந்தைய பதிவு இல்லை. ஒப்பிட இயலாது' என்று திரையில் வந்தது. ஒப்பிட முடியாதவர் என்று எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினோம்.

பிறகு ஓட்டுநர்கள். நான்கு பேருக்கு முந்தைய பதிவு இல்லை, தேர்ச்சி. அவர்களில் ஒருவருக்கு 0.34. சூசைராஜ் அண்ணாச்சிக்கு 0.31. ஆனால் அவருக்கு மட்டும் முந்தைய பதிவு இருந்தது. அரங்கமே பார்க்கத் திரை சிவந்தது: 'சரிவு அறுபத்து மூன்று சதவீதம். மூளைச் சிதைவுக்கு வாய்ப்பு அதிகம். வாகனம் ஓட்ட இடைக்காலத் தடை. முப்பது நாளில் குழு முடிவெடுக்க வேண்டும்.' அதன் கீழே சின்ன எழுத்தில் முந்தைய பதிவுக்கு நன்றி தெரிவித்து என் பெயர்: மாணவி ப. அமிர்தகலா.

பத்து நாள் நான் பேருந்துக் கொட்டகைப் பக்கம் போகவில்லை. பதினோராவது நாள் போனேன். அண்ணாச்சி சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். சீருடை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"யாரு, அமிர்தகலா பாப்பாவா? பாத்தியா, ஒம் பேரு ஞாபகம் வந்துருச்சு."

"உங்களுக்கு என்ன அண்ணாச்சி, நல்லாத்தான இருக்கீங்க."

"எங்க நல்லாருக்கேன்?" சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார். "மறக்கிறத எல்லாம் எழுதி வைக்கேன். நேத்து சாவி வச்ச எடம். முந்தாநாளு பக்கத்து வீட்டுக்காரம் பேரு, ஒரு நிமிசம் வரவே இல்ல."

"அது எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

"எல்லாரையும் மிசினு சொல்லலயே. என்னயத்தான சொல்லிருக்கு." குரலைத் தாழ்த்தினார். "வீட்ல தெரியாது. டிரெஸ்ஸப் போட்டுக்கிட்டு வழக்கம்போல வந்துருதேன். தெரிஞ்சா எங்கய்யா மாதிரின்னு பயந்துருவா. அவரு கடைசில என்னயப் பாத்து, 'தம்பி எந்த ஊரு?'ன்னு கேட்டாரு. ஒரே வீட்லதான் இருந்தோம்."

வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினார்.

"நீ இதத்தான படிக்க? ஒண்ணு சொல்லு பாப்பா. ஒருத்தன்ட்ட வியாதி இருக்குன்னு சொன்னதுக்கப்புறம் வியாதி தெரியுதா, இல்ல சொன்னதுனால வருதா?"

அந்தக் கேள்வி மூன்றாம் பருவம், ஐந்தாவது அலகு. அந்தத் தாளில் எனக்கு எழுபத்து நான்கு. வாயைத் திறந்தேன், அன்றே உண்மையைச் சொல்லியிருப்பேன். அதற்குள் அவர், "எப்படியோ, அன்னைக்கு நீ எழுதி வச்சிருக்கப்போயி இன்னைக்குக் கண்டுபுடிச்சாக. வண்டி நெறையப் புள்ளைகள வச்சுக்கிட்டு எங்கயாவது மோதிருந்தா? நீ நல்லாருக்கணும்" என்றார்.

திறந்த வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

பானு ஒரே பிடியாக நின்றாள். "சொல்லிராத. உன் நோட்டத் தோண்டுனா என் நோட்டயும் தோண்டுவாங்க. எங்க பெரிய மாமாவுக்கு நான் 0.22 போட்டிருக்கேன்."

"அவரும் வண்டி ஓட்டுறாரா?"

"அவரு மவுத்தாயி, அடக்கம் பண்ணி ஆறு வருசமாச்சுடி."

துறைத் தலைவரிடம் போனேன். "சார், அந்த 0.19..." என்று ஆரம்பித்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஐந்தடி எட்டங்குல மனிதர் திரும்பி வரும்போது கொஞ்சம் குட்டையாக இருந்தார்.

"உக்காரும்மா. உன் நோட்டுல ஒரு பக்கம் பொய்ன்னு நீ எழுதிக் குடுத்தா விதிப்படி நோட்டு முழுசும் ரத்து. ஒரு நோட்டு ரத்தானா அந்த வகுப்பு நோட்டு எல்லாத்துக்கும் விசாரணை. ஒரு வகுப்பு மாட்டினா துறை. இதுவரைக்கும் டிகிரி வாங்கிட்டுப் போனவங்க எழுநூறு பேரு. அதுல ஒருத்தி மனநல ஆலோசகரா இருக்கா. ரெண்டு பேருக்குக் கல்யாணமே டிகிரிய வச்சுத்தான் முடிஞ்சது."

"அந்த மெஷின் ஒரு நம்பர மட்டும் எடுத்துட்டு விட்டுறாதா சார்?"

"அதுக்கு நம்பர் தெரியும். நம்மளத் தெரியாது. ஒரு கை பொய் எழுதுச்சுன்னா அந்தக் கை தொட்டது எல்லாமே பொய்ன்னு வச்சுக்கும். புத்திசாலித்தனமாத்தான் செஞ்சிருக்காங்க." பெருமூச்சு விட்டார்.

அவர் தலைக்குப் பின்னால் அலமாரியில் தங்க எழுத்துப் பொறித்த அவருடைய முனைவர் ஆய்வேடு இருந்தது: 'தீப்பெட்டி ஆலைத் தொழிலாளர் அறுநூறு பேரின் மன அழுத்தம்.' நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"நாப்பது பேரு நெசம்" என்றார், நான் கேட்காமலே. பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். துறைத் தலைவர் குரல் திரும்பி வந்தது. "நீ ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல. கதவ நான் சாத்தவே இல்ல."

அன்று மாலை வீட்டுக்குப் போய் ஒரு முழுத்தாளில் எழுதினேன். 'ஏழாவது பரிசோதனை நடைபெறவே இல்லை. 0.19 என்பது நான் கற்பனையாக இட்ட எண். திரு. சூசைராஜ் அவர்களுக்கு எந்தச் சரிவும் இல்லை.' கையெழுத்துப் போட்டேன். மூன்று ஆண்டில் உளவியல் பாடத்துக்காக நான் எழுதிய முதல் உண்மை. டிகிரி போகும். எழுநூறு பேர் சாபம் விடுவார்கள். போகட்டும் என்று நினைத்தபோது கொஞ்சம் வீரமாகக்கூட இருந்தது. குற்ற உணர்ச்சிக்கும் ஓர் அலங்காரம் தேவைப்படுகிறது போலும்.

குழு கூடிய அன்று கூட்ட அறையில் முந்திரிப் பருப்பு, பிஸ்கட், தேநீர். நடுவில் தாளாளர். ஒரு பக்கம் எங்கள் துறைத் தலைவர். மறுபக்கம் ஒப்புமானியோடு சென்னையிலிருந்து வந்திருந்த நிரஞ்சன் என்ற இளம் மருத்துவர்; மரியாதையான ஆள், அண்ணாச்சி வந்ததும் அவர் ஒருவர்தான் எழுந்து நாற்காலியைக் காட்டினார். பதிவு எழுதியவள் என்பதால் என்னையும் ஓரமாக உட்காரச் சொன்னார்கள். என் கோப்பில் கடிதம் இருந்தது.

அண்ணாச்சி தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். வேலைக்கு நேர்காணல் வந்தவரைப்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

நிரஞ்சன் தாளும் பேனாவுமாகக் கேட்டார். "வேகம் குறைஞ்சது மட்டும்னா கண்ணு, தூக்கம்னு வேற காரணம் தேடலாம். ஞாபகமும் சேர்ந்து போயிருக்கான்னு பார்க்கணும். பயப்படாதீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி இந்த மாணவி உங்களுக்கு ஒரு சோதனை வச்சாங்க. ஞாபகம் இருக்கா?"

எனக்கு நெஞ்சு இலேசானது. இல்லை என்பார். அதுதானே உண்மை. உடனே எழுந்து, அவர் சொல்வது சரி, நடக்காததை அவர் எப்படி நினைவில் வைத்திருப்பார் என்று கடிதத்தை நீட்டுவேன். கோப்பின் நாடாவை அவிழ்த்தேன்.

"இருக்கு சார். நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் அண்ணாச்சி.

"என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியுமா?"

"கீழ லேபு சார். சன்னலோரம் உக்காந்தேன். கறுப்புப் பொட்டி, செவப்பு லைட்டு. எரிஞ்ச ஒடனே பட்டன அமுக்கணும். பத்துத் தடவ. பாப்பா நீலத் துப்பட்டா போட்டிருந்துச்சு. எரியிறதுக்கு முந்தியே அமுக்குறீங்க அண்ணாச்சின்னு சிரிச்சுச்சு. முடிஞ்சதும் மோரு வாங்கிக் குடுத்துச்சு. உப்பு கொஞ்சம் கூட." என் பக்கம் திரும்பினார். "சரிதான பாப்பா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நினைவில் ஓட்டை விழுந்தால் மனம் அதைக் கதை வைத்து அடைக்கும் என்று படித்திருக்கிறோம். மூளைச் சிதைவின் அடையாளங்களில் அது முக்கியமானது. நிரஞ்சனின் பேனா எந்தக் கட்டத்தின் மேல் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. என் கடிதத்தை இப்போது கொடுத்தால், நடக்காத சோதனையை நீலத் துப்பட்டாவோடும் மோரோடும் விவரிக்கும் ஒரு நோயாளி அங்கே உட்கார்ந்திருப்பார். கொடுக்காவிட்டால், அறுபத்து மூன்று சதவீதம் சரிந்த நோயாளி. நான் எழுதிய பொய்யை அவர் தன் ஞாபகத்தைக் காட்டிக்கொள்ளப் பிடித்திருந்தார். வேலைக்காகத் தெரிந்தே சொல்கிறாரா, இல்லை முப்பது நாளாக நினைத்து நினைத்து நிஜமாகவே அப்படி நினைவுக்கு வருகிறதா? மூன்று ஆண்டு மனித மனத்தைப் படித்த எனக்கு அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சரிதான் சார்" என்றேன். "துப்பட்டா நீலம்தான். மோரும் சரி."

நாடாவைத் திரும்பக் கட்டினேன்.

"ஆனா நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் சார். பத்துத் தடவைக்கும் சராசரி எழுதணும். நான் இருக்கறதுலயே கொறஞ்ச நம்பர எழுதிட்டேன். பஸ்ல உக்காந்து அவசரத்துல எழுதினது. சராசரி 0.30."

நிரஞ்சன் நிமிர்ந்தார். "அந்தப் பத்து அளவும் இருக்கா?"

"ரஃப் நோட்ல இருக்கு சார்."

"நாளைக்குக் கொண்டுவந்து தரட்டுமே" என்றார் துறைத் தலைவர், யாரும் கேட்பதற்கு முன்பே. அவரது எதிர்வினை நேரத்தை அன்று அளந்திருக்க வேண்டும்.

ரஃப் நோட் என்று ஒன்று கிடையாது. நூலகத்தில் உட்கார்ந்து பத்து எண் எழுதினேன். இந்த முறை கவனமாக. முதல் இரண்டு கொஞ்சம் மெதுவாக, நடுவில் ஒன்று 0.19, கடைசியில் களைப்பு. பார்த்தால் உண்மைபோலவே இருந்தது; உண்மையைவிட நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஒப்புமானி அதை ஏற்றுக்கொண்டு, 'சரிவு மூன்று சதவீதம். இயல்பு. தடை நீக்கப்படுகிறது' என்றது. எனக்குச் செய்முறையில் ஐந்து மதிப்பெண் குறைத்தார்கள். கடிதத்தைக் கிழித்து நூலகத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

அடுத்த திங்கள்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் என்னை மேடைக்கு அழைத்தார்கள். "தன் சின்னஞ்சிறு கணக்குப் பிழையைத் தானே முன்வந்து ஒப்புக்கொண்ட உத்தமி" என்று துறைத் தலைவர் தழுதழுத்தார். 'நேர்மைக்கான பாராட்டுச் சான்றிதழ்' சட்டம்போட்டுக் கொடுத்தார்கள். கீழே பானு எல்லாரையும்விட ஓங்கிக் கைதட்டினாள். அவளுடைய பெரிய மாமாவும் தப்பித்தார் அல்லவா. இதைத் தொடர்ந்து துறைத் தலைவர், மாணவர்களின் நேர்மை குறித்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. இருநூறு பேரிடம் எடுத்த ஆய்வு. எங்கள் கல்லூரியில் யாரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்று மாலை முதல் ஆளாகப் பேருந்தில் ஏறினேன். அண்ணாச்சி ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். இருக்கைக்குப் புதுத் துணி போட்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இன்னும் வரவில்லை.

சட்டம்போட்ட சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊருக்கெல்லாம் சொல்லாவிட்டாலும் இந்த ஒருவருக்காவது சொல்லிவிட வேண்டும். இனி வேலைக்கு ஆபத்தில்லை, மனதில் இருக்கும் பயமாவது போகட்டும் என்று தோன்றியது.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது. அந்த டெஸ்ட் நடக்கவே இல்ல. நானா எழுதுனது. உங்களுக்கு எந்தக் குறையும் இல்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நடக்கலயா?"

"இல்ல அண்ணாச்சி."

"லேபுக்கு நான் வரல?"

"வரல."

"அப்ப மோரு?"

அதுவும் இல்லை என்று தலையசைத்தேன். அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

"எங்க அண்ணாச்சி போறீங்க?"

"ஆபீஸுக்கு." குரல் அமைதியாகத்தான் இருந்தது. "நடக்காதது எனக்கு நடந்த மாதிரி தெரியுதுன்னா, நான் வண்டியத் தொடக் கூடாதுல்ல பாப்பா. அறுபது புள்ளைக வருது. இப்பவும் நீ சிரிச்சது, துப்பட்டா, எல்லாம் கண்ணு முன்னால நிக்கி. சொல்லிட்டு வந்துருதேன்."

"அண்ணாச்சி! ஏறுங்க, ஏறுங்க." எழுந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன். "சும்மா சொன்னேன். உங்க ஞாபகத்தச் சோதிச்சுப் பாத்தேன். எங்க பாடத்துல இது ஒண்ணு. நடந்தத இல்லன்னு சொல்லி ஆள அசச்சுப் பாக்கறது. நீங்க அசையல. பாஸ்."

"சோதிச்சியா?"

"ஆமா."

ஒரு கால் தரையில், ஒரு கால் வண்டியில் அப்படியே நின்றார். மெதுவாக முகம் தெளிந்தது. பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அடிப்பாவி! இப்படியா ஒரு பாடம்?" ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். "சரி, இப்ப நான் ஒன்னயச் சோதிக்கேன். அன்னைக்கு எத்தன டம்ளர் மோரு வாங்கிக் குடுத்த?"

பிள்ளைகள் இரைச்சலோடு ஏறத் தொடங்கினார்கள். பானு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சான்றிதழை வாங்கிப் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றேன்.

"ரெண்டு!" என்றார் அண்ணாச்சி. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. "படிக்கிற புள்ள நீ, மறக்கலாமா?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன். "ரெண்டு."